மயிலம்மா வாசல் வேப்பங்கொத்து

எங்கள் ஜிந்துப்பிட்டிச் சந்தில் இடியப்பம் விற்கும் மயிலம்மாக்கா யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. அதற்குத் தெம்பு வேண்டுமே. மா குழைத்து, பிழிந்து, அவித்து, விற்று முடிய, மகள் கோமதியைத் தூக்கக்கூடக் கை வராது. கோமதிக்கு மூன்று வயசு. வாய்க்கு முப்பது.

ஒருநாள் கோமதியின் மூக்கடியில் கொப்புளம். பிறகு கன்னம், கால். அம்மாள் வந்துவிட்டா, அம்மை நோய்தான் என்று அக்கா வாசலில் வேப்பங்கொத்துக் கட்டினா. பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை, வெளியே கொண்டுபோகவில்லை. அம்மாள் வீட்டு இடியப்பத்தை யார் வாங்குவார்? அடுப்பும் அணைந்தது.

அந்தக் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு. குண்டு எங்கே வெடித்தாலும் எங்கள் சந்துக் கதவைத்தான் தட்டுவார்கள். அக்காவின் புருஷன் இராமர் அண்ணன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர். அடையாள அட்டையைத் தொலைத்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் அவரைத்தான் முதலில் ட்ரக்கில் ஏற்றுவார்கள். இந்த முறை ஆமிக்காரன் வேப்பிலையைக் கண்டான். “தெய்யங்கே லெடே” என்று சிங்களத்தில் சொல்லிப் பின்னால் நகர்ந்தான். அவர்களுக்கும் அது சாமி நோய்தான். அந்தக் கொத்துக்கு இருந்த மரியாதை எங்கள் சந்தில் எந்த அட்டைக்கும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட நானும் எங்கள் வாசலில் ஒன்று கட்டிப் பார்த்தேன். அம்மா அதாலேயே அடித்தா.

இலை காய்ந்தது. அக்கா புதுசு கட்டினா. கோமதியின் கொப்புளங்கள் உடைந்து, மஞ்சள் பொருக்காகி, காது வரை ஏறின. காய்ச்சலும் வந்தது. பக்கத்து வீட்டு பஹ்மியா ராத்தா யன்னலால் எட்டிப் பார்த்தா.

“மயிலம்மா, இது அம்மாள் இல்ல. சொறிஞ்சி சொறிஞ்சி பரவுற புண். என்ட மகனுக்கும் வந்த. டொக்டர்ட்ட காட்டுங்க.”

“எனக்கும் வெளங்குது ராத்தா.”

“வெளங்கியுமா இப்புடி வெச்சிக்கிட்டு இரிக்கிற?”

“கொத்த அவுத்தா இவர கொண்டு போயிருவாங்களே.”

உள்ளே பாயில் கிடந்த இராமர் அண்ணனுக்கு எல்லாம் கேட்டது. எழும்பி வந்து கொத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்.

“என்னையப் புடிச்சா அவனுங்க திருப்பி விடுவானுங்க. புள்ள போனா யாரு திருப்பிக் குடுப்பா? தூக்குடி.”

டொக்டர் குடிக்கப் பாணி மருந்தும் பூசுமருந்தும் கொடுத்தார். நகத்தை வெட்டி, தினமும் சவுக்காரம் போட்டுப் பொருக்கை ஊறவைத்துக் கழுவச் சொன்னார். கழுவுவதென்றால் சந்துக் குழாயடிதான். “அம்மாள் புள்ளைக்குத் தண்ணியா!” என்று பெண்டுகள் நெஞ்சில் அடித்தார்கள். அக்கா கழுவிக்கொண்டே இருந்தா. அவவுக்கு வரிசை பிடிக்க நான் என் வாளியை முன்கூட்டி வைத்தேன். சும்மாதான், வேறு வேலை இல்லாமல்.

அடுத்த சுற்றிவளைப்பில் இராமர் அண்ணனைக் கொண்டுபோனார்கள். அக்கா மறுபடி மா குழைக்கத் தொடங்கினா. பிழியும்போது கண் தெருமுனையில் இருக்கும். இடியப்ப உரலில் பாதி மா காய்ந்துவிடும்.

பொருக்கு உதிர்ந்து கோமதியின் கன்னத்தில் புதுத்தோல் தெரிந்த பிறகு ஒருநாள், இராமர் அண்ணன் நடந்து வந்தார். பொலிஸ் கூண்டில் மூட்டைப்பூச்சி கடித்து உடம்பெல்லாம் தடிப்பு. கோமதி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பாவுக்கும் அம்மாளா?”

அக்கா மாக்கையைச் சேலையில் துடைத்தா.

“ரெண்டு பேரும் கொழாயடிக்கு நடங்க,” என்றா. “சவுக்காரம் எடுத்துக்கிட்டு வாறேன்.”

நான் வாளியோடு முன்னால் ஓடினேன்.