ஹங்கேரிக்காரர் காணாமல் போன மதியம்

எங்கள் சித்தப்பா சென்னையில் நடந்த ஏதோ சதுரங்கக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், அரியலூரில் ஒரு சர்வதேசப் போட்டியை நடத்தித் தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பி வந்தார். வேறொரு பெரிய ஊரில் நடப்பதாக இருந்த போட்டி அது. அந்த ஊர்க்காரர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். யாராவது எடுத்து நடத்துகிறீர்களா என்று மேடையில் இருந்தவர்கள் கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். சித்தப்பா மட்டும் மேடையைப் பார்த்துவிட்டார்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறையைப் பிடித்து, பத்துப் பதினைந்து பேருடன் சாயங்காலங்களில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், கரண்டு போனால் என்ன செய்வாய் என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். சித்தப்பா அதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அப்படித்தான் தயாரானது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடந்தது, அது கிடைத்தது. சிமெண்டு ஆலையில் விருந்தினர் விடுதியைத் திறந்துவிட்டார்கள். ஜெனரேட்டர் பெரம்பலூரிலிருந்து லாரியில் வந்தது. அது போட்ட சத்தத்தைக் கேட்ட நடுவர், மூன்று வீடு தள்ளி வைத்தால்தான் ஆட்டம் நடக்கும் என்று சொல்லிவிட்டார். இரண்டு முகம் கொண்ட சதுரங்கக் கடிகாரங்களைத் திருச்சியில் இரவல் வாங்கி, சித்தப்பா பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். அம்மா காரமில்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு ராத்திரி தவிர, அந்தப் பன்னிரண்டு நாளும் நாங்களும் அதையேதான் தின்றோம்.

ஆட வந்தவர்கள் பத்துப் பேர், அதில் நால்வர் வெளிநாட்டார். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருடனும் ஆட வேண்டும். செந்துறையிலிருந்தும் மீன்சுருட்டியிலிருந்தும்கூட ஜனங்கள் பஸ் ஏறி வந்தார்கள். முதல் நாள் வெள்ளைக்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் மூன்றாம் நாள் குதிரையையும் யானையையும் பார்க்கத் தொடங்கினார்கள். அத்தனை பேர் அத்தனை நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

வந்தவர்களில் பெரிய ஆட்டக்காரர் ஹங்கேரிக்காரர். அறுபதை நெருங்கியவர், ஒல்லியாக, உயரமாக இருப்பார். அவர் வருகிறார் என்பதால்தான் மற்ற மூவரும் வந்தார்கள் என்று சித்தப்பா சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. அரைப் பரீட்சை லீவு. அம்மாவோடு விடுதிக்குப் போய்விட்டு, அவள் சமையல்கட்டில் இருக்கும் நேரமெல்லாம் வாசலில் கட்டம் கீறித் தனியாக நொண்டி ஆடிக்கொண்டிருப்பேன். என் சில்லு ஒரு தட்டையான கல். அதில் நத்தை சுருண்டு படுத்ததுபோல வளையம் வளையமாக ஒரு வடிவம் இருக்கும். எங்கள் பக்கத்து ஓடைகளில் மழை அரித்துவிட்ட பிறகு அப்படிக் கற்கள் நிறையக் கிடைக்கும். பழங்காலத்துக் கடல் பிராணிகள் கல்லாகிப் போனவை அவை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது; அப்போது யாரும் அவற்றைப் பொருட்டாக நினைத்ததில்லை.

ஹங்கேரிக்காரர் ஒருநாள் காலை அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று மண்டியிட்டு, கல்லைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். எங்கே கிடைத்தது என்றுதான் கேட்கிறார் என்று புரிந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தேன். விடுதி, ரயில்பாதை, இரண்டு பனைமரம், அதற்கு அப்புறம் ஓடை. அவர் அந்தப் படத்தை ஒரே பார்வை பார்த்துத் தலையாட்டினார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என் படத்தை மதித்ததில் எனக்கு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் எட்டாவது சுற்று. மதியம் இரண்டு மணிக்கு நடுவர் கடிகாரங்களை ஓடவிட்டார். ஐந்து மேசைகளில் ஒன்றில் வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. ஹங்கேரிக்காரரைக் காணோம். ஒரு மணி நேரத்துக்குள் வந்து உட்காராவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு. அதுதான் விதி. நடுவர் சென்னைக்காரர், விதியில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காதவர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் திருச்சியில் பேங்க் வேலை பார்க்கும் இளைஞர், நான் திருச்சி அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். மூன்று மணி வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், அந்தப் போட்டியிலேயே பெரிய ஆளைத் தோற்கடித்த புள்ளி அவருக்கு வந்துவிடும்.

சித்தப்பா தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். விடுதிக்கு ஆள் போனது, காலையிலேயே வெளியே போனவர் திரும்பவில்லை என்று வந்து சொன்னது. ஸ்டேஷனுக்குப் போன ஆளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போன ஆளும் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நால்வருக்கும் போலீஸ் ஸ்டேஷனில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தவர் சித்தப்பாதான். அவர் நெற்றியில் வேர்வை வழிந்ததை நான் தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹங்கேரிக்காரர் எங்கே போயிருப்பார் என்று அந்த மண்டபத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ரயில்பாதை தாண்டி, சுண்ணாம்புக்கல் வெட்டும் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது எனக்கு இருந்த பெரிய தடை. ஓடையைக் காட்டினேன் என்றால், நான் அங்கே போய்வருவதும் தெரிந்துவிடும். அடி விழும். கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டரை தாண்டியதும் என்னால் முடியவில்லை. போய்ச் சித்தப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தப்பா, அவரு ஓடைக்குப் போயிருப்பாரு. கல்லு பொறுக்க. நான்தான் வழி சொன்னேன்."

அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"எந்த ஓடைடி? பழைய குழிக்கு அந்தாண்ட இருக்கே, அதுவா?"

"ஆமா."

"குழி இருக்குன்னு சொன்னியா?"

"இல்ல. குழியில கல்லு கிடைக்காது."

சித்தப்பா நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். நேரமாகிவிட்டதே என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்தேன். பிறகு ஆலையின் காவல்காரரைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அந்த ஆள் மண்டபத்துக் கிணற்றடியில் கிடந்த கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அதற்குள் திருச்சி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் பக்கத்தில் வந்திருந்தார்.

"ஸ்கூட்டர் யாருகிட்ட சார் இருக்கு? பாப்பா வழி காட்டட்டும். நான் போயிட்டு வரேன்."

"நீங்க எதுக்குங்க, உங்க ஆட்டம்..." என்றார் சித்தப்பா.

"எனக்கு ஒண்ணும் ஓடல சார். அவரு கடிகாரம்தான் ஓடுது."

சித்தப்பா பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரின் ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றுகொண்டேன். ரயில்பாதையைத் தாண்டியதும் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. பனைமரங்களுக்கு நேராகப் போகச் சொன்னேன். அவர் வண்டியை வேறு பக்கம் திருப்பி, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிறைந்து பச்சையாகத் தண்ணீர் நின்றது. அவர் இறங்கி விளிம்போரமாகவே நடந்தார். தண்ணீரைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார். வழி தெரியாமல் நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணே, இங்க இல்ல. அந்தப் பக்கம். கடிகாரம் ஓடுது."

"ஓடட்டும் பாப்பா," என்றார், திரும்பாமலே.

முழுச் சுற்றும் பார்த்த பிறகுதான் வந்து வண்டியை எடுத்தார். பனைமரங்களைத் தாண்டி ஓடை வளையும் இடத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இந்த ஆளு உங்க ஊட்டு விருந்தாளிங்களா? காலைலேருந்து கல்ல எடுத்து எடுத்து நக்கிப் பாக்குறாரு. பசிதான் போலருக்குன்னு கூழு குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு."

கருவேல மர நிழலில் ஹங்கேரிக்காரர் உட்கார்ந்திருந்தார். துண்டை விரித்து, கற்களைப் பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். கைக்கடிகாரத்தை அறையிலேயே விட்டு வந்திருக்கிறார், திரும்பும் வழியும் குழம்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எனக்குப் பின்னால் வந்தவர் யார் என்று பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. இன்று தன் எதிராளி, மேசைக்கு எதிரே இருக்க வேண்டிய ஆள், ஓடையில் நிற்கிறார். முகம் வெளுத்துவிட்டது. திருச்சி அண்ணன் இங்கிலீஷில் ஏதோ சொல்லி அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வழியில் எதிர்ப்பட்ட காவல்காரர் எங்களைக் கண்டதும் சைக்கிளை அப்படியே பாதையில் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஹங்கேரிக்காரர் மேசைக்கு வந்து ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை நகர்த்தினார். மண்டபமே ஒரே நேரத்தில் மூச்சுவிட்டதைக் கேட்டேன். பேசக் கூடாது என்று நடுவரும் அதட்டவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் காரக் குழம்பு என்றாள்.

ஆட்டம் விளக்கு வைக்கும் வரை நடந்தது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை இழந்தும் ஹங்கேரிக்காரர்தான் ஜெயித்தார். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திருச்சி அண்ணனைச் சும்மா விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும் புள்ளியை ஸ்கூட்டரில் போய்த் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாரே என்றார்கள். அவர் சிரித்தபடியே இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். தோற்றவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு ஆட்டத்தில் அக்கறை போதாது என்று முடிவுகட்டினேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்கூட்டர் மண்டபத்து வாசலில் நின்றதும் முதலில் ஓடி வந்தவர் சித்தப்பா. உள்ளே ஒவ்வொரு நிமிடமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் ஹங்கேரிக்காரரை உள்ளே தள்ளவில்லை. சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார். தோளைத் தடவினார், முதுகைத் தடவினார். எல்லா இடமும் உலர்ந்து, சுண்ணாம்புத் தூசியாக இருந்தது. அதற்குப் பிறகுதான், "போங்க, போங்க," என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார். இத்தனை பேருக்கு முன்னால் வெள்ளைக்காரர் இப்படி அழுக்குச் சட்டையோடு வந்து நிற்கிறாரே என்று சித்தப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது போல என்று நினைத்தேன். என் பாவாடையிலும் அதே தூசி இருந்தது. அவர் என் பக்கம் திரும்புவதற்குள் அவசர அவசரமாக அதைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.