செட்டக்கா வறுத்த ஓட்ஸ்

தெருவில் எல்லோருக்கும் அவர் செட்டக்கா. பல் செட் செய்பவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் உள்ள அறையில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பைச் செய்து கொடுத்தவர். வெளியே சொல்லமாட்டார். கல்யாண வீட்டில் யாராவது வாய் நிறையச் சிரித்தால், தன் கைவேலையா என்று ஒரு நொடி பார்ப்பார். பிறகு இலையையோ தட்டையோ பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது, காலையில் ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால், பச்சை விழாத சிக்னலில் மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"என்னங்க, ஆறிடப் போகுது."

"ஆறட்டும். சூடா இருந்தாலும் இதே ருசிதான்."

"உடம்புக்கு நல்லதுங்க."

"எனக்கு இன்னும் எல்லாப் பல்லும் இருக்கு. இதைத் தின்ன எதுக்குப் பல்லு?"

பல் விஷயத்தில் யாராவது நியாயமாகப் பேசினால் செட்டக்காவால் மறுத்துப் பேச முடியாது. அந்த சனிக்கிழமையே, கடித்துத் தின்னும்படி ஓட்ஸில் ஏதாவது செய்வதென்று இறங்கினார். ஓட்ஸை வறுத்தார். பாதாம், முந்திரி, பூசணி விதை எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டார். சர்க்கரையையும் தேனையும் அடுப்பில் வைத்துக் கம்பிப் பதம் தாண்டும்வரை காய்ச்சிக் கொட்டினார். தட்டில் போட்டு அழுத்தி ஓவனில் வைத்தார். எவ்வளவு நேரம் வெந்தால் அவ்வளவு மொறுமொறுப்பு என்பது அன்று அவருடைய கணக்கு.

வந்தது ஒரு பலகை. கத்தி இறங்கவில்லை. வீட்டுக்காரர் சுத்தியல் எடுத்துவந்தார்.

"வாசப்படிக்கு ஒரு கல்லு வேணும்னு சொல்லிட்டிருந்தியே," என்றார்.

உடைத்த துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அழைப்புமணி அடித்தது. நாத்தனார்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. உப்பு எங்கே என்று கேட்டாலும் பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். இந்த வீட்டுக்கு வந்தால் அவர் தவறாமல் அறிவிக்கும் ஒன்று உண்டு: "எனக்குப் பசியில்லை." பல வருஷமாக இப்படித்தான். எதை வைத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் பிட்டு, மென்றதுபோல் காட்டி, தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். தன் சமையலுக்கு அவர் தரும் மதிப்பெண் அது என்று செட்டக்கா எடுத்துக்கொண்டார். அந்தக் கோபத்தை வெள்ளிப் பாத்திரம் மாதிரி அவ்வப்போது துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

அன்றும் நாத்தனார், "வேண்டாம்மா," என்றார்.

"அக்கா, இதையாவது வேண்டாம்னு சொல்லாத. காலையிலேருந்து நின்னுக்கிட்டே செஞ்சிருக்கா," என்றார் தம்பி.

நாத்தனார் இருவர் முகத்தையும் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கடக் என்றது. அது ஓட்ஸ் உடைந்த சத்தம் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். ஓட்ஸ் முழுசாகத்தான் இருந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். மறுபடி திரும்பியபோது அவர் உள்ளங்கையில் மேல்செட் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அது செட்டக்கா செய்த செட். நாத்தனாருக்குப் பல் செட் இருப்பது அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாது. இந்த வீட்டு ஆட்களுக்கும் பல் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"ஒடைஞ்ஷு போஷ்ஷு," என்றார் நாத்தனார்.

வீட்டுக்காரர் பால் வாங்கக் கிளம்பினார். பால் இருந்தது.

அதன்பிறகு சில நாட்கள் நாத்தனார் பேசியது எப்படிக் கேட்டது என்று எழுதிக்காட்டுவது மரியாதையாக இருக்காது. இனி அவர் பேச்சை ஒழுங்கான எழுத்திலேயே தருகிறேன்.

பல் இல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். மகன் போன் செய்தபோது தம்பிதான் எடுத்தார்.

"அம்மாகிட்ட குடுங்க மாமா."

"குளிக்கிறாங்கப்பா."

சாயங்காலம் மறுபடி போன் வந்தது.

"இன்னுமா குளிக்கிறாங்க?"

"இங்க தண்ணி நல்லா வருதுப்பா."

திங்கட்கிழமை செட்டக்கா உடைந்த துண்டுகளை எடுத்துப்போய் வேலை மேஜையில் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. இடப்பக்கம் செய்து கொடுத்த அன்று இருந்த மாதிரியே புதுசாக இருந்தது. உள்பக்கம் முழுக்க, செட் நழுவாமலிருக்கப் போடும் பசை காய்ந்து அடை அடையாக ஒட்டியிருந்தது. பல் போன ஈறு வருஷம் ஆக ஆகச் சுருங்கும். செட் சுருங்காது. செட் வாய்க்குள் ஆட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஒரு பக்கமாகவே மென்று, மற்றதையெல்லாம் பசியில்லை என்று ஒதுக்கிச் சமாளித்திருக்கிறார்.

செட்டக்கா துண்டுகளைக் கீழே வைத்தார். அன்று வேறு வேலை ஓடவில்லை. இத்தனை காலம் துடைத்து வைத்திருந்த கோபத்தை இனி எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நாத்தனார் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, செட்டு எப்பலேருந்து ஆடுது?"

நாத்தனார் கரண்டியால் கஞ்சியைச் சுற்றினார். "ரொம்ப நாளா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ செஞ்ச செட்டு. ஆடுதுன்னா உன் வேலையைக் குத்தம் சொன்ன மாதிரி ஆகும். ஏற்கெனவே நான் வாயைத் திறந்தாலே உனக்குக் குத்தமாத்தான் படுது."

"நீங்க என் கையால சாப்பிடவே பிடிக்காம..."

"சாப்பிட்டா உன் முன்னாடியே கழண்டு விழும். அந்தக் கூத்தை வேற பார்க்கணுமா?"

செட்டக்கா அடுப்பைத் துடைத்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒட்ட வைக்க வேணாம் அண்ணி. புதுசாவே பண்ணிடலாம்."

மறுநாள் கிளினிக் திறக்கும் முன்பே, முகத்தில் கைக்குட்டையோடு நாத்தனாரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். டாக்டர் அளவெடுத்தார். செட் தயாராகும்வரை நாத்தனார் தம்பி வீட்டிலேயே இருந்தார். அந்த நாட்களில் ஓட்ஸும் இன்னொரு தடவை ஓவனுக்குள் போனது. இந்த முறை செட்டக்கா பாகு காய்ச்சவில்லை. தேனில் கொஞ்சம் எண்ணெய் கலந்து, ஓட்ஸும் பாதாம், முந்திரியும் நனையும் அளவுக்கு மட்டும் பிசறி, பட்டர் பேப்பரில் பரப்பி, குறைந்த சூட்டில் வைத்தார். பாதியில் ஒருமுறை கிளறியதோடு சரி. வெளியே எடுத்தபோது மெத்தென்றுதான் இருந்தது. ஆறினால்தான் மொறுமொறுப்பு ஏறும், அதுவரை யாரும் தொடக்கூடாது. பேச்சு குழறிய நாத்தனார் காவலுக்கு உட்கார்ந்தார். நைசாக நீண்ட தம்பியின் கையில் கரண்டிக் காம்பு இரண்டு முறை இறங்கியது. ஆறியதும் எடுத்துப் பார்த்தால், உதிரியும் கட்டியுமாக, வாயில் போட்டால் நறுக்கென்று உடைந்து கரைந்தது.

புது செட்டைப் பொருத்திய அன்று, நாத்தனார் டாக்டர் அறைக் கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமினார்.

"மூன்றாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."

எல்லா எழுத்தும் சுத்தமாக விழுந்தது. வெளியே காத்திருந்த ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் ஓட்ஸை இரண்டு பக்கமும் மென்று தின்று முடித்தார். விரலால் துணுக்குகளையும் ஒற்றி எடுத்தார்.

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

முழுசாகச் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்ன முதல் குறை. "அடுத்த தடவை குறைக்கிறேன் அண்ணி," என்று சொல்லிவிட்டு செட்டக்கா உள்ளே போனார். அன்று முழுவதும் அவர் நல்ல மனநிலையில் இருந்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார். காலையில் இப்போது அவர் இதைத்தான் தின்கிறார். டாக்டர் கேட்டால், "ஓட்ஸ்தான் சாப்பிடுறேன்," என்கிறார். பொய் இல்லை.

நாத்தனார் ஊருக்குப் போகும்போது அந்த ஓட்ஸை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனார். ஒரு வாரம் கழித்து அவருடைய மருமகள் போன் செய்தாள்.

"சின்னத்தை, அத்தை ஒண்ணு செஞ்சிருக்காங்க, ஓட்ஸும் முந்திரியும் போட்டு. அவ்வளவு நல்லா இருக்கு. எப்படிச் செஞ்சீங்கன்னா சொல்லவே மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

செட்டக்கா ஓவன் பக்கம் பார்த்தார். அடுத்த தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "அது அவங்க கைப்பக்குவம்."