சின்னசாமி மறைத்த வம்சாவளி

வம்சாவளி எழுதித் தருகிற வேலையில் செத்தவர்களால் தொல்லையே இல்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் ஆளுக்கொரு தாத்தாவைச் சொல்வார்கள். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டில் மனு எழுதிப் பிழைத்த எனக்கு, செல்போன் புதிதாக வந்த காலத்தில், கல்யாணத்துக்காக ஒரு வம்சாவளி தேட நேர்ந்தது.

அண்ணன் முறை

பெண்ணின் அப்பா தனசேகருக்கு மதுராந்தகத்தில் நெல் வியாபாரம். பையனின் அப்பா ஏகாம்பரத்துக்குத் திருவிடந்தைப் பக்கம் விவசாயம். பிள்ளைகள் படூரில் ஒரே கல்லூரியில் படித்துப் பழகி, இரு வீடும் சம்மதித்து, தேதியும் குறித்தாயிற்று. பத்திரிகை அடிக்கப் போனபோதுதான் இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்று தெரிந்தது. அப்படியென்றால் பங்காளிகள், பங்காளிக்குள் பெண் எடுக்கக் கூடாது. போதாக்குறைக்கு இரு வீட்டாரும் கண்ணப்பன் என்ற ஒரே மனிதரைத் தங்கள் மூதாதை என்றார்கள். மூன்று வாரத்தில் முறையைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும்.

அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பெண் என்னிடம் தனியாக வந்தாள். “பங்காளின்னு முடிவானா அவரை அண்ணான்னு கூப்பிடணுமாம் சார். மூணு வருஷமா பேரைச் சொல்லித் திட்டிகிட்டு இருக்கேன், இனிமே மரியாதை குடுக்கணுமா?”

தீட்டு

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் காப்பார்கள். அந்த வழியில் பிடிக்கலாம் என்று திருவிடந்தைக்குப் பஸ் ஏறினேன். ஏகாம்பரத்தின் அப்பா சின்னசாமிக்கு எண்பது வயது. அவரிடம் கேட்டால் காது கேட்காதவர் போலத் தென்னை மரத்தையே பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஏகாம்பரத்தைக் கேட்டேன். மதுராந்தகத்திலிருந்து எப்போதாவது சாவுச் சேதி வந்ததா, தீட்டுக் காத்தீர்களா? அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “நான் சின்னப் பையனா இருக்கச்சொல்லோ எவனோ சைக்கிள்ல வந்து சாவு சொன்னான். மூணு நாளு வூட்ல மீன் கொழம்பு இல்ல. அது தீட்டா, கடலு கொந்தளிச்சிகினு இருந்துச்சான்னு எனக்கு இன்னா தெரியும்?”

பழைய பத்திரம்

பிறகு பதிவு ஆபீசில் மனுப் போட்டுக் கண்ணப்பன் பெயரில் பழைய பத்திரங்களைத் தேடினேன். வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாததால் நாள் முழுக்க அங்கேயே கிடந்தேன். கண்ணப்பன்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரு கால் காணி நிலமும் ஒரு சண்டையும் இருந்தன.

அங்கிருந்த குமாஸ்தா என் பக்கம் டீயைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “பாத்துத் தேடு அண்ணாத்த, கடசில நீயே பொண்ணுக்குச் சித்தப்பனா வந்து நிக்கப் போற.”

சின்ன எழுத்து

நான்காம் நாள் ஒரு தானப் பத்திரம் கிடைத்தது. மகன் கோபித்துக்கொண்டு மதுராந்தகம் போய்விட்டதால், உடனிருந்து கவனிக்கிற மகள் முனியம்மாளுக்கும் அவள் புருஷன் வேலப்பனுக்கும் கண்ணப்பன் நிலத்தை எழுதி வைத்திருந்தார். கோபித்துப் போன மகன், தனசேகரின் தாத்தா. வேலப்பன், நம் சின்னசாமியின் அப்பா. அந்த வேலப்பன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரின் குலதெய்வத்தையே கும்பிட்டிருக்கிறார். ஆக, இவர்கள் பங்காளிகளே அல்ல. அண்ணன் வழியில் பெண், தங்கை வழியில் பையன், கட்டிக்கொள்கிற முறை.

இரு குடும்பத்தையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னா நைனா, தெரிஞ்சிகினே கம்முனு இருந்தியா?” என்று ஏகாம்பரம் கத்தினார். சின்னசாமிக்கு அதுவும் நன்றாகக் கேட்டது. தலையைக் குனிந்தபடி என்னிடம் சொன்னார்: “கல்யாணம் நடக்கட்டும்பா. எங்கப்பன் வூட்டோட மாப்பிள்ளையா வந்தத மட்டும் சின்ன எழுத்துல எழுது.”

ஒரு கிழவரின் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு பெண் இரண்டு வாரம் தன் மாப்பிள்ளைக்கே தங்கையாக இருந்தாள் என்பதைத் தவிர, அந்தக் குடும்பத்தில் வேறு மர்மம் எதுவும் இல்லை.