பிரசவ அறையில் தொங்கிய தாள்

மகளுக்கு ஐந்து மாதமானபோது என் முதுகலை ஆய்வை வகுப்பில் வாசித்தேன். நன்றாக அமைந்தால் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். பிள்ளை பால் குடிப்பதால் அதையும், பார்த்துக்கொள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தாழ்வாரத்தில் குளிர். அம்மாவைப் பிள்ளையோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் இருக்கும்படி பேராசிரியை கையைக் காட்டினார். அம்மாவுக்கு ஜேர்மன்காரரின் டொச் மொழி விளங்காதுதானே, இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன்.

கபாலா என்னும் யூத மறைஞானம் நவீன காலத்தில் பட்ட பாடுதான் என் பொருள். பெரிய நூல்களை விட்டுவிட்டு ஓர் அச்சுத் தாளை எடுத்துக்கொண்டேன். தென் ஜேர்மனியின் கிராமங்களில் யூதப் பெண்ணொருத்தி பிள்ளை பெற்றால், அந்த அறையின் சுவர்களில் இந்தத் தாளைத் தொங்கவிடுவார்கள். பிள்ளையைக் கொல்ல வரும் பேய்ப்பெண் நுழையாதபடி அதில் தேவதூதர்களின் பெயர்கள் இருக்கும். மறைஞானிகள் நோன்பிருந்து தியானித்த பெயர்கள், மலிவுத் தாளில் அச்சாகிப் பிள்ளைப்பேற்று வீட்டுக்கு வந்திருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், நகரத்துக்குப் போய்ப் படித்த யூதர் பலர் இதை வெட்கக்கேடு என்று எழுதினார்கள். கிறிஸ்தவ அயலவர் முன் தாங்களும் அறிவுள்ளவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அடுத்த நூற்றாண்டில் வேறு அறிஞர்கள் அதே கபாலாவை மரியாதையோடு வாசித்தார்கள். அந்த மரியாதை நிலைபெற்றபோது, தாள் தொங்கிய ஊர்களில் யூதரே இல்லை.

ஆய்வில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். சிரித்து எழுதியவர்களில் சிலராவது அந்தத் தாளின் கீழ்தான் பிறந்திருப்பார்கள். அதைத் தொங்கவிட்டவர்கள் அவர்களுடைய தாய்மார். இப்படி ஊகமாக எழுதலாமா என்று மூன்று தடவை திருத்தி, பிறகு ஓர் அடிக்குறிப்பும் போட்டேன்.

வாசித்து முடிந்ததும் ஒரு மாணவன், இன்றைக்கு இதையெல்லாம் யாராவது நம்புகிறார்களா என்று கேட்டான். வகுப்பு களைத்துப்போயிருந்தது. பேராசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று பயந்துவிட்டேன். என் அம்மா நம்புகிறார் என்று சொன்னேன். அம்மா தினமும் காலையில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, நாவூறு படாமல் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதையும், பிறகு நான் பிள்ளையோடு வெளிக்கிடும்போது உபான் சுரங்க ரயிலில் அதைத் துடைத்துவிடுவதையும், வீடு திரும்புமுன் கண் பென்சிலால் அதே இடத்தில் மீண்டும் வரைவதையும் சொன்னேன். அதோ பாருங்கள் என்று கையை நீட்டினேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் திரும்பி, அம்மாவின் மடியில் பொட்டோடு இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். பேராசிரியையும் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அது மரியாதைக்குச் சிரிப்பது என்று எடுத்துக்கொண்டேன்.

ரயிலில் ஏறி இருந்ததும் அம்மா என் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தார். பிள்ளையின் கன்னம் சிவக்கும்வரை துடைத்தார்.

“நீ துடைக்கிற இடம் வந்திட்டுது” என்றார்.

“உங்களுக்கு விளங்கினதோ அம்மா?”

“இருபது வருசமா அவையின்ர கந்தோர்களிலை மேசை துடைச்சுக் கூட்டுறன், பிள்ளை. கதைக்கிறது விளங்காதோ?”

ஒன்பது வயதிலிருந்து, டொக்டரையோ அதிகாரியையோ சந்திக்கும் அம்மாவின் எல்லா டெர்மினுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அப்படிப் போன ஒரு நாளில், அம்மாவின் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் உங்களை நாளைக்கு வரட்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பிறகு அம்மா யாருடைய குழந்தையைக் கண்டாலும் முதலில் கன்னத்தைத்தான் பார்ப்பார். ரயிலில் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

“அண்டைக்கும் விளங்கினதோ?” என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

“டொக்டர் சொன்னதும் விளங்கினது. நீ சொன்னதும் விளங்கினது. இப்பிடிப் பொய் சொல்லத் தெரிஞ்ச பிள்ளை எங்கையும் பிழைச்சுக்கொள்ளும் எண்டு நினைச்சன்.”

ஈரத்துணியை மடித்து என் பைக்குள் திரும்ப வைத்தார்.

அடுத்த வாரம் பேராசிரியை என்னை ஏற்றுக்கொண்டதாக எழுதினார். அம்மாவைப் பற்றிய உதாரணம் உயிரோட்டமாக இருந்ததாம். அதை முன்னுரையில் சேர்த்தால் நல்லதாம். இரண்டு நாள் யோசித்தேன். சேர்த்தேன்.

அம்மா ஒரு நாள் காலையும் தவறவிடவில்லை. ஏழு மணிக்கு வருகிறார், குளிப்பாட்டுகிறார், உடுப்புப் போடுகிறார், கன்னத்தை வெறுமையாக விட்டுப் பிள்ளையை என் கையில் தருகிறார். பொட்டு வையுங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன திங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், அம்மா வருமுன் கண் பென்சிலை எடுத்து நானே வைத்தேன். கோணலாகத்தான் வந்தது.

அம்மா உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்தார். பிள்ளை முகத்தைத் திருப்பி அழுதது. அம்மா நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, முழுதும் போகும்வரை துடைத்தார்.

“வெளியிலை போற பிள்ளை” என்றார். “சனம் சிரிக்கும்.”