டெபோராவின் தோட்டம் சிவந்தபோது

அக்டோபர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் முன் மரத்தை விசாரிக்கிறார்கள். உங்கள் பக்கம் நிறம் மாறிவிட்டதா என்று பால் வாங்கும் கடையில் கேட்பார்கள், பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர் கேட்பார். கனடாவுக்கு வந்த முதல் வருடம், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்த ஒரு பெரியவர், ‘இன்னும் மாறவில்லையா?’ என்று சிரித்தபடி கேட்டார். அவர் என் தோலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்வை என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தில் இருந்தது என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. இப்போது நானும் அதே கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஏனென்றால் என் வீட்டு மரம் மாறுவதில்லை.

வீட்டோடு வந்தது அந்த மரம். நார்வே மேப்பிள் என்று பெயர். தெருவே மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கும்போது அது மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி பச்சையாக நிற்கும். பிறகு இலைகளில் தார் தெளித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள் விழும். ஒரு மழை நாளில் மொத்தமும் அழுக்கு மஞ்சளாகக் கொட்டிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் டெபோராவின் தோட்டம். கணவரை இழந்து தனியாக இருக்கும் அந்த அம்மாளுக்குத் தோட்டம்தான் குடும்பம். அவள் வாசலில் நிற்கும் சுகர் மேப்பிள் உச்சியிலிருந்து தொடங்கி, யாரோ மேலிருந்து சாயம் ஊற்றுவதுபோல், கீழ்வரைக்கும் மெல்ல ஆரஞ்சாகும். மூலையில் சுமாக் செடிகள் மிளகாய்ப் பழ நிறத்தில் நிற்கும். எல்லாவற்றுக்கும் நடுவே, என் சமையலறை ஜன்னலுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு ஒரு புதர் இருந்தது. அது சிவக்கிற சிவப்புக்கு என்னிடம் சொல் இல்லை. கல்யாணப் புடவைக் கடையில் விரித்துப் போட்ட பட்டில்கூட அதைப் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதையே பார்ப்பேன். ரசனை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பொறாமைதான்.

ஒருமுறை வேலியோரம் நின்று, அந்தச் செடி எங்கே கிடைக்கும், எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். டெபோரா கையை ஆட்டி மறுத்தாள். அது இந்த மண்ணின் செடி அல்ல, ஆசியாவிலிருந்து வந்தது, பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் காட்டில் போட்டு அங்கெல்லாம் பரவிவிடுகிறது, வேரோடு எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வெளியிலிருந்து வந்ததையெல்லாம் பிடுங்கிவிடுவீர்களா என்று கேட்டுவிட்டேன். குரலில் சூடு இருந்தது. அவள் அதைத் தோட்டக்கலைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டாள். முகம் மலர, எதையெதை எடுக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினாள். கடைசியில் என் வீட்டு மேப்பிளைக் காட்டி, ‘அதுவும் வெளியூர்தான். ஆனால் ரொம்பப் பெரிதாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்றாள்.

ஆந்திராவில் எங்கள் ஊரான சித்தூரிலும் இலை சிவக்கத்தான் செய்தது. எங்கள் தெருவில் மிஷன் பள்ளி மதிலை ஒட்டி நின்ற பாதாம் மரம், கிறிஸ்துமஸ் போனதும், உள்ளங்கையை விட அகலமான இலைகளைச் செக்கச்செவேலென்று உதிர்க்கும். யாரும் நின்று பார்த்ததில்லை. வாரிக் குவித்துக் கொளுத்துவோம். பார்க்கத் தகுந்ததெல்லாம் வேறெங்கோ இருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. அந்த வேறெங்கோவுக்கு என் தங்கை ஜெசி வாராவாரம் போய்வந்தாள். நைனா, எங்கள் அப்பா, அரசுப் பேருந்து ஓட்டுநர். சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதிக்குப் போய்த் திரும்புவார். எனக்குப் பேருந்து ஏறினாலே வாந்தி. அதனால் சனிக்கிழமைகளில் ஜெசிதான் அவரோடு போவாள். இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், நைனாவின் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் திரும்பிவந்து, சந்திரகிரி தாண்டியதும் மலை எப்படி எதிரே எழுந்து நின்றது என்று கதை சொல்வாள். கேட்காத மாதிரி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சொல் விடாமல் கேட்பேன்.

அம்மா போன பிறகு நைனா ஜெசியோடுதான் இருக்கிறார். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருப்பதியில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை, தினமும் அதே சாலையில் போய்வருகிறாள். நைனா சாப்பிட்டாரா, இருமல் எப்படி என்று அவளைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் பல வருடங்களாக ஒரே யோசனையாக இருந்தேன். ஒரு இலையுதிர்காலத்துக்கு நைனாவை இங்கே கொண்டுவர வேண்டும். என் காரில், முன் இருக்கையில் உட்காரவைத்து, நானே ஓட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஜெசி இல்லாமல். போன வருடம் அது நடந்தது.

என் கணவருக்கு வாரம் முழுக்க வேறு ஊரில் வேலை. ஆகவே நைனாவும் நானும் மட்டும் கிளம்பினோம். ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போகும் சாலை. இரண்டு பக்கமும் மரங்கள் பற்றிக்கொண்டதுபோல் நின்றன. நைனா சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ‘மரத்தப் பாரு நைனா’ என்றேன். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, ‘இத்த ஜெசி பாத்திருக்கணும்’ என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் டெபோராவின் புதரை வேலியோரம் நின்று காட்டினேன். பெயர் கேட்டார். ‘பர்னிங் புஷ். எரியிற செடி’ என்றேன். நைனா ஆங்கிலம் படித்தவரல்ல, ஆனால் சபையில் வாழ்நாள் முழுக்கப் பிரசங்கம் கேட்டவர். செருப்பைக் கழற்று, இது பரிசுத்த இடம் என்று கடவுள் குரல் கொடுத்த, எரிந்தும் கருகாத வேதாகமச் செடியை அவருக்குத் தெரியும். குனிந்து, நான் வாங்கிக்கொடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்து, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரப் புல்லில் காலுறையோடு நின்றார். பார்த்துக்கொண்டிருந்த டெபோரா, பாவம், கால் வலி போலிருக்கிறது என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நைனா அதில் உட்கார்ந்துகொண்டார். நான் எதையும் விளக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி அவருடையதாகிவிட்டது. வேலை முடிந்து நான் வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருவரும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர் அவளுடைய இலைகளை வாரி, பழுப்புக் காகிதப் பைகளில் கட்டிவைத்திருப்பார். என் முற்றத்தில் மேப்பிள் இலை கணுக்கால் அளவு கிடக்கும். அவளோடு அவர் தெலுங்கில் பேசினார். பயணிகள், அதிகாரிகள், சந்தைக்காரர்கள் என்று வெளியாட்களிடமெல்லாம் தெலுங்கில் பேசியே பழகியவர், அவளிடமும் அப்படியே பேசினார். ‘பாகுந்தம்மா’, நன்றாக இருக்கிறது அம்மா, என்பார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவர் தலையாட்டுவார். என் வீட்டுச் சோபாவில் ஒரு முழு மாலை அப்படி அவர் உட்கார்ந்ததில்லை. குளிர்காலம் முழுக்க இரு நைனா என்று கேட்டுப் பார்த்தேன். ‘ஜெசி ஒண்டியா கீதும்மா’ என்றார்.

ஊருக்குக் கிளம்பும் சமயம் பெட்டியை நான்தான் அடுக்கினேன். அடியில் செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து, மடியாமல், காம்பு ஒடியாமல் பரப்பியிருந்தார். யாருக்கு என்று கேட்கத் தேவையே இல்லை. ஆனாலும் கேட்டேன்.

‘ஜெசிக்கு.’

‘எனுக்குன்னு எதுனா எடுத்து வெச்சிகீறியா நைனா?’

அவருக்குக் கேள்வி புரியவில்லை. ‘நீ இங்கியே கீற. ஒனுக்கு எலைய எதுக்கு எடுத்து வெக்கணும்?’

‘பஸ்லயும் அவளத்தான் இட்டுக்கினு போன.’

சொன்ன பிறகுதான் எவ்வளவு பழையதைச் சொல்கிறேன் என்று தெரிந்தது. தலை நரைத்த பெண் கேட்கிற கேள்வியா அது. நைனா கட்டிலில் உட்கார்ந்தார்.

‘உங்கம்மாவுக்கு சனிக்கெழமையும் வேல. ஜெசிய உட்டுட்டு போனா நாளெல்லாம் அழுதுக்கினு கெடக்கும். நீ அழமாட்ட. சோறு போட்டு மூடி வெச்சிட்டு போனா, எட்த்து துன்னுட்டு படிச்சிக்கினு இருப்ப. அந்த தைரியத்துலதான் உட்டுட்டு போனேன்.’

செய்தித்தாளைத் திரும்ப மடித்தபடி, என்னைப் பார்க்காமல், ‘இங்கியும் அப்பிடித்தான் கீற’ என்றார்.

அந்த மாலை அவர் டெபோரா வீட்டுக்குப் போகவில்லை. வாருகோலை எடுத்துக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கறுப்புப் புள்ளி விழுந்த இலைகளை இருவரும் சேர்ந்து வாரினோம். இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.

அவர் ஊர் திரும்பிய சில வாரங்களில் இங்கே முதல் பனி விழுந்தது. காலையில் ஜெசி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். வந்ததிலிருந்து நைனா கனடாவைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை என்றாள். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் கதை சொல்கிறாராம். ‘நம்ம ஊட்லன்னு சொல்றாரு, இன்னாடா இதுன்னு பாத்தா ஒங்க ஊட்டச் சொல்லிக்கினு கீறாரு. அப்ப இது யாரு ஊடு?’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஒரு நொடி இனித்தது. உடனே அவள்மேல் பாவமாக இருந்தது. அந்த வீட்டில் ராவும் பகலும் அவரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தானே.

அதற்குள் சித்தூரில் கரண்ட் போய்விட்டது. திரை முழுக்க இருட்டு. மூலையிலிருந்த சின்னச் சதுரத்தில் மட்டும், பின்னால் வெள்ளை ஜன்னலோடு, என் முகம் தெரிந்தது. அவர்கள் போன் திரையிலிருந்து அந்த வெளிச்சம்தான் அவர்கள் அறையில் விழுந்திருக்க வேண்டும். நைனா போனைக் கையில் வாங்கி, ‘பனி பேயுது பாரு ஜெசி’ என்றார். அவள் அருகே வந்து குனியும் அரவம் கேட்டது. அவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து, போனை வெளியே திருப்பினேன். ஒரு கையில் போன் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை குளிர்ந்த கண்ணாடிமேல் இருந்தது. இருட்டில் இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் கையை அசைக்காமல் நின்றேன்.