சுருளைச் சுற்றிய தரிசு

வலங்கைமான் பக்கத்தில் சாமிதுரைக்கு இருந்தது ரெண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. அதில் ஒரு சாண் சும்மா கிடந்தாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது. வரப்பைக்கூட விடமாட்டார், துவரையை ஊன்றிவிடுவார். ஊரில் பாதிப்பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த 2002இல், அவர் மகள் செந்தாமரை இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பெங்களூருக்குப் போனாள். செல்போன் சிப்பு வடிவமைக்கும் வேலை.

அவள் பங்குக்கு வந்தது ஆஸிலேட்டர். சிப்புக்குள் உட்கார்ந்து ஒரே சீராக அலை எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அதன் பிழைப்பு. கொஞ்சம் தடுமாறினாலும் பேச்சில் இரைச்சல் கலந்துவிடும். அதன் நடுவில் பொடிசாய் ஓர் உலோகச் சுருள். சுருளைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தை வெறுமனே விடவேண்டும் என்று அவள் படித்ததுதான். ஆனால் மனசு கேட்கவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கும் சிலிக்கானை யாராவது தரிசு போடுவார்களா? பக்கத்து மின்சுற்றின் கம்பிகளை அந்த இடத்தில் ஓட்டிவிட்டாள். மேலாளரும் சிக்கனக்காரி என்று மெச்சினார்.

சிப்பு தயாராகி வந்தது. சோதனைக் கருவியின் திரையில் ஊசியாக நிற்க வேண்டிய அலை, அடி பெருத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கம்பிகளில் ஓடியதெல்லாம் சுருளுக்குள் புகுந்து இரைச்சலாகியிருந்தது.

"அடுத்த தடவையும் இப்படின்னா அமெரிக்க ஆபீஸ் டிசைனையே போட்டுக்கலாம்" என்றார் மேலாளர். அவளுடைய ஒன்றரை வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும் என்று அர்த்தம்.

மறுபடி சிப்பில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரிக்கும் கூட்டம். இந்தத் தடவை சுருளைச் சுற்றி வெற்றிடம் விட்டு வரைந்திருந்தாள். பக்கத்து மின்சுற்றைப் பார்த்துக்கொள்ளும் காதர் மைதீன், "சும்மாதானே கிடக்கு, என் மெமரிய வச்சுக்கிறேங்க" என்றார். செந்தாமரை எழுந்தேவிட்டாள்.

"ஒரு கம்பி உள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

வரப்புச் சண்டைக்கு எழும்பும் குரல். பெங்களூர் ஏசி அறைக்கு அது பழக்கமில்லை. மைதீன் தன் மெமரியை வேறு மூலைக்கு நகர்த்திக்கொண்டார். இடம் கிடைத்தது.

இந்தத் தடவை அலை கச்சிதமாக நின்றது. அமெரிக்க டிசைனைவிட இரைச்சல் குறைவு. சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்படி என்னம்மா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலப்பா. சுத்தி இடத்த சும்மா விட்டேன்."

"சும்மா விட்டதுக்கா சம்பளம் தர்றாங்க?" சாமிதுரை விழுந்து விழுந்து சிரித்தார். "அத மொதல்லயே விட்டிருக்கலாமே?"

"மனசு வரலப்பா."

"எப்படி வரும்? விட்டு வைக்க நம்மகிட்ட எப்ப இடம் இருந்துச்சு?"

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செந்தாமரைக்குத்தான் அழுகை வந்துவிட்டது.