என் காதும் மாரியம்மன் கோயில் மைக் செட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. அந்தக் கோயிலுக்கு இருபது வருடமாக மைக் செட் போடுகிறவன் நான். அன்று கோயில் தலைவர் வீட்டுக்கே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இந்த வருசம் சிரம்பான்லருந்து ஆள் கூப்பிடலாம்னு இருக்கோம்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்கலா."

எனக்கு வந்ததே கோபம்! செட்டில் சத்தம் பத்தவில்லை என்றுதான் கழற்றிவிடுகிறார்கள் என நினைத்தேன். எனக்கே சில வருடமாகச் சத்தம் குறைவாகப் பட்டதால், திருவிழாவுக்குத் திருவிழா ஒரு ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். இந்தத் தடவை இரண்டு பெரிய பெட்டியாகவே வாங்கிவந்து காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். என் மனைவி வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பொட்டிய விடுங்க. மொதல்ல காதக் காட்டுங்க!"

செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்ற காது. அவள் சொன்னதில் தப்பில்லை.

அம்பாங்கானில் ஒரு கிளினிக்கில் சோதித்துப் பார்த்த பெண், காது மிஷினைக் கையில் வைத்து விளக்கினாள். சத்தத்தைப் பிடிக்க ஒரு குட்டி மைக், அதைப் பெரிதாக்க உள்ளே ஒரு சில்லு, காதுக்குள் விட ஒரு குட்டி ஸ்பீக்கர். அட, நம்ம செட்டுதானே! எனக்கு எந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ, அதை அளந்து அதற்கேற்றபடி கூட்டிவைத்தாள். பழைய காது அப்படியே திரும்பாது, பழகச் சில வாரமாகும் என்றும் சொன்னாள். நான் சரியாகச் செருகாததால் மிஷின் 'கீ' என்று விசிலடித்தது. ஸ்பீக்கர் முன்னால் மைக்கை நீட்டினால் வருமே, அதே விசில். எனக்கு அதை உடனே பிடித்துப்போயிற்று.

மறுநாள் மிஷினை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் சிரம்பான்காரரையே கூப்பிடுங்கள் என்று தலைவரிடம் கெஞ்சினேன். அவரும் அரைமனதாகச் சரியென்றார். செட்டை மாட்டி, குமிழை நான் பேனாவால் குறித்துவைத்திருந்த கோட்டுக்குத் திருப்பினேன்.

ஐயோ சாமி! பாட்டா அது? நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "எவன்டா இவ்ளோ வச்சது?" என்று அலறி, பாட்டை நிறுத்தினேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். திருவிழா வேலைக்கு வந்திருந்த பெண்கள் எப்போதோ பந்துத் திடலின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார்கள்.

"எத்தன வருசமா இப்படி?" என்றேன் தலைவரிடம்.

"எட்டு வருசம் இருக்கும்ணே."

பக்கத்திலிருந்த பூசாரி காதிலிருந்து பஞ்சை உருவிவிட்டு, "என்ன கேட்டீங்கண்ணே?" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் யாரோ சிரித்துவிட, நானும் சிரித்துவிட்டேன்.

குமிழைக் கால்வாசிக்கு இறக்கினேன். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். தலைவர் போனை எடுத்து, சிரம்பான்காரரை வரவேண்டாம் என்றார்.

இப்போது மிஷின் புண்ணியத்தில் எனக்கு எவ்வளவோ கேட்கிறது. ஆனாலும் என் மனசு நோகக்கூடாது என்று ஒரு தோட்டமே எட்டு வருடம் காதைப் பொத்திக்கொண்டு சாமி கும்பிட்டதை நினைத்தால், சிரிப்பும் அழுகையும் சேர்ந்தேதான் வருகிறது.